ஒரு மாத்திரை அதிகம்

ஸைகாவிடமிருந்து தாள்கள் வருவது
எப்போதும் கடைசி நாளில்.
வயோலாவுக்கான பக்கத்தில் ஒருமுறை
பீட்ரூட் சூப்பின் கறை.
அதையும் ஒரு சுரமென்று எண்ணி
ஒத்திகையில் வாசித்துவிட்டேன்.
"இருக்கட்டும்" என்றாள்.
இன்றுவரை இருக்கிறது.

எழுதுகிறவளும் அவள்தான்,
இசை அமைப்பவளும் அவள்தான்,
மேடையேறிப் பாடுகிறவளும் அவள்தான்.
மூவருக்கும் ஒரே சமையலறை, ஒரே நாற்காலி.
கவி ஒரு நீளச் சொல்லோடு வந்தால்
பாடகி மூச்சில்லை என்பாள்.
மூச்சுக்கு இடம் கேட்டால்
மற்றவள் பென்சிலைக் கடித்தபடி
வரியையே அடித்துவிடுவாள்.
சண்டை முற்றிய இரவுகளில்
மூவரும் பட்டினி.

இந்தக் குளிர்காலம் லியெபாயாவில்
கடல் கரையோரம் மட்டும் உறைந்தது.
வசந்தத்துக்குள் முடிக்க வேண்டிய படைப்பு
நான்கு சுரங்களில் நின்றது.
நான்கு ஏறும். அப்புறம் ஒன்றுமில்லை,
மாடிப்படி கட்டியவன்
கூலி வராமல் போய்விட்டதுபோல.
பியானோவில் தேடினாள்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் கீழே
கம்பளிக் கழுத்துத்துணிக்குள் முணுமுணுத்துத் தேடினாள்.
இரவு பதினொன்றுக்குமேல்
ஜன்னலைச் சாத்திக்கொண்டு முழுக்குரலில்.

கீழ்வீட்டில் விஸ்வால்டிஸ்.
ஊரின் ஒரே டிராம் பாதையில்
விடிகாலை முதல் வண்டியை எடுப்பவர்.
பத்து வருஷத்தில் அவர் பேசியது
"பனி", "ஆமாம், பனி". அவ்வளவே.
ஒரு செவ்வாய்க்கிழமை
கதவில் ஒட்டியிருந்தது கடிதம்,
பழைய டிராம் அட்டவணையின் பின்பக்கத்தில்:

"அம்மணி,
நீங்கள் நான்கு படி ஏறுகிறீர்கள்.
ஐந்தாவதற்காக நான் விழித்துக் கிடக்கிறேன்.
அது வருவதில்லை.
நாலு மணிக்கு எழ வேண்டியவன் நான்.
ஒன்று, அதைப் பாடிவிடுங்கள்.
இல்லையேல் நான்கையும் விட்டுவிடுங்கள்.
சனிக்கிழமை என் மகளின் ஆடுகள்.
அதற்கு முந்தின இரவாவது தூக்கம் வேண்டும்."

ஆடுகளா?

எங்கள் மொழியில் காஸாஸ் என்றால் கல்யாணம்.
முதல் உயிரின் தலைமேல் ஒரு சிறு கோடு.
அதை மறந்தால் நெடில் குறிலாகும்,
கஸாஸ்,
விருந்து மேசையில் ஆடுகள் மேயும்.

தொலைபேசியில் ஸைகா சிரித்துச் சிரித்து
இருமல் வந்து
திடீரென்று நிறுத்தினாள்.
"என்ன?" என்றேன்.
வைத்துவிட்டாள்.

தாள்கள் வந்தன,
இரண்டு வாரம் முன்னதாக.
கவி எழுதிய ஏழு பக்கமும் காணோம்.
அந்தி, உப்பு, நாரைகள், எல்லாம் போயாச்சு.
டிராம் ஓட்டுநரின் கடிதம், எழுத்துக்கு எழுத்து.
நான்கு சுரங்களும் அப்படியே.
கடைசிக்கு முந்தைய வரியில்
கஸாஸ், கஸாஸ், கஸாஸ் என்று
மூன்று முறை தடுக்கி
நான்காம் முறை
தலைமேல் கோடு வாங்கி நீள்கிறது அந்த உயிர்.
ஒரு மாத்திரைதான் அதிகம்.
அந்த நீளத்தின்மேல் உட்கார்ந்திருந்தது
ஐந்தாவது.
உயரத்தில்கூட இல்லை,
நான்காவதற்கு அரைச் சுரம் கீழே.
ஏறுமென்று நினைத்தல்லவா
இத்தனை நாள் தேடினாள்.

அனுமதி கேட்கப் போனாள்.
கதவைக் கால்வாசி திறந்தவர் கேட்டது ஒன்றுதான்:
"இரவிலா பாடுவீர்கள்?"
"மாலை ஏழுக்கு, அரங்கில்."
"அப்படியென்றால் சரி."

ஏப்ரலில் வந்தார்,
சீருடைக் கோட்டோடு, கடைசி வரிசைக்கு.
ஆடுகள் தடுக்கியபோது அரங்கம் சிரித்தது.
கோடு நீண்டபோது
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
என் வில் நடுங்கியதை நான் மறைக்கவில்லை.

பிறகு, மேலங்கிகள் தொங்கும் இடத்தில்,
"கல்யாணமா? யாருக்கு?" என்றார்.
"என் மகளுக்கு ஆடுகள்தான் வந்தன.
பதினோரு ஆடுகள், குல்டீகா பக்கத்துப் பண்ணைக்கு.
ஏற்றி இறக்கி முதுகு போயிற்று.
நான் எழுத்துப்பிழை விடுகிறவன் இல்லை."

ஸைகாவின் முகத்தில் மூன்று பேர்
ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஒரு பொட்டலம் நீட்டினார்,
ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி.
"ஐந்தாவது சரிதான்" என்றார்.
"அன்றிலிருந்து தூங்குகிறேன்."
கடைசி டிராமுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்,
பயணியாக.

சுற்றியிருந்தது டிராம் அட்டவணைத் தாள்.
பாலாடைக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டு
தாளை விரித்து
பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள் ஸைகா.
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
வெளிச்சத்தில் பிடித்து
இன்னொரு முறை பார்த்தாள்.